வீட்டில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி: மருந்துக்கடையிலிருந்து ஊசிமுனை வரை முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு ஏழு வயதில் வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு என்று உறுதியானது. அன்றிலிருந்து நாலு வருடமாகத் தினமும் ராத்திரி திருநெல்வேலியில் எங்கள் வீட்டிலேயே ஊசி போடுகிறோம். முதல் வாரம் கை நடுங்கி, பேனாவை (பேனா வடிவில் வரும் ஊசிக் கருவி) பிடித்தபடி ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன், அவள் என்னைவிடத் தைரியமாகத் தொடையைக் காட்டிக்கொண்டிருப்பாள். இப்போது அது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் பயப்படுவது குத்துகிற அந்த ஒரு நொடிக்குத்தான். நான் பார்த்தவரை பெரிய தப்புகள் அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகின்றன: மருந்து கடையிலிருந்து வெயிலில் வரும்போது, ஃபிரிட்ஜில் தப்பான தட்டில் வைக்கும்போது, மில்லிகிராமா யூனிட்டா என்று குழம்பும்போது. அதனால் அந்த இடங்களை நீட்டி எழுதியிருக்கிறேன், குத்துவதைப் பற்றியும் படிப்படியாகச் சொல்கிறேன்.

இது யாருக்கான மருந்து

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனைப் போதிய அளவு சுரக்காத குழந்தைகளுக்குத்தான் இது முதன்மையாகக் கொடுக்கப்படுகிறது. டர்னர் சின்ட்ரோம் (எக்ஸ் குரோமோசோம் ஒன்று இல்லாமலோ குறைபட்டோ பிறக்கும் நிலை) உள்ள பெண் குழந்தைகள், பிராடர்-வில்லி சின்ட்ரோம் (தசைத் தளர்வும் அடங்காத பசியும் வரும் பிறவி மரபணு நிலை) உள்ள குழந்தைகள், நாள்பட்ட சிறுநீரக நோயால் வளர்ச்சி நின்ற குழந்தைகள், பிறக்கும்போதே எடையும் நீளமும் குறைந்து பிறந்து பிறகும் எட்டிப்பிடிக்காத குழந்தைகள் என்று வேறு சில காரணங்களுக்கும் டாக்டர்கள் எழுதுவார்கள். ஹார்மோன் குறைபாடு உறுதியான பெரியவர்களுக்கும் உண்டு, ஆனால் அளவு மிகக் குறைவு.

வகுப்பில் குட்டையாக இருக்கிறாள் என்பது மட்டும் காரணம் ஆகாது. எங்களுக்கு முதலில் வளர்ச்சி வரைபடத்தில் இரண்டு வருட உயரத்தைக் குறித்துப் பார்த்தார்கள், அப்புறம் இடது கை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது (எலும்பு எத்தனை வயதுக்கு வளர்ந்திருக்கிறது என்று), தைராய்டு, ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோனின் தூண்டலால் உடம்பில் உண்டாகும் பொருள்) ரத்தப் பரிசோதனை, அதன்பின் ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்க மாத்திரை கொடுத்து அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்கும் தூண்டல் பரிசோதனை, கடைசியில் எம்ஆர்ஐ. வெறும் வயிற்றில் குழந்தை சோர்ந்து என் மடியில் படுத்திருந்த அந்தக் காலைப் பொழுது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் இதையெல்லாம் செய்யாமல் ஊசி எழுதுகிற இடத்தில் நான் என் பிள்ளையை விடமாட்டேன். எழுதுகிறவர் ஹார்மோன் டாக்டராக, முடிந்தால் குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டராக இருக்கட்டும்.

ஜிம்மில் உடம்பு ஏற்றவோ, வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு உயரமாகவோ இதைப் போடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் எவ்வளவு போட்டாலும் ஒரு சென்டிமீட்டர்கூட உயரம் வராது. கையும் காலும் தாடையும் தடிக்கும், சர்க்கரை ஏறும், மூட்டு வலிக்கும். அந்த வழியில் விற்கிற குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருப்பவர்களுக்கு இந்த ஊசி கூடாது. வீட்டில் பழைய கட்டி, புற்றுநோய் வரலாறு இருந்தால் டாக்டர் கேட்கும் முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

அளவு: மில்லிகிராம் வேறு, யூனிட் வேறு

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். 1 மி.கி. என்பது 3 ஐ.யூ. (ஐ.யூ. என்றால் சர்வதேச யூனிட்). சில பிராண்டுகள் பெட்டியில் மி.கி. என்று போட்டிருக்கும், சில ஐ.யூ. என்று. சீட்டில் ஒன்று, பெட்டியில் இன்னொன்று என்று இருந்தால் மூன்று மடங்கு கூடவோ மூன்றில் ஒரு பங்காகவோ போய்விடும்.

ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 0.025 முதல் 0.035 மி.கி. வரை எழுதுவார்கள். டர்னர் போன்றவற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். 20 கிலோ குழந்தைக்கு 0.03 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 0.6 மி.கி., அதாவது 1.8 ஐ.யூ. அந்த 1.8-ஐ யாராவது மில்லிகிராம் என்று படித்துப் பேனாவில் திருப்பினால் மூன்று நாள் மருந்து ஒரே ராத்திரியில் உள்ளே போய்விடும். கணக்குப் புரிவதற்காகத்தான் இந்த எண்களைச் சொன்னேன், உங்கள் பிள்ளைக்கான அளவை உங்கள் டாக்டர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

எங்களுக்கே இது நடக்க இருந்தது. இரண்டாம் வருடம் வழக்கமான பிராண்டு கிடைக்காமல் ஒரு மருந்துக்கடையில் வேறு பிராண்டைக் கொடுத்து, "அதே மருந்துதான், அதே அளவு திருப்புங்க" என்றார்கள். பழையதில் மி.கி. இருந்தது, புதியதில் ஐ.யூ. அன்று ராத்திரி என் கணவர் பெட்டியைப் புரட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால், சரியான அளவு என்று நம்பிக்கொண்டே அந்தப் பெட்டி தீரும்வரை மூன்றில் ஒரு பங்குதான் போட்டிருப்போம்.

அதிலிருந்து வீட்டில் ஒரு பழக்கம். டாக்டரிடம் அளவை மி.கி., ஐ.யூ. இரண்டிலும், பேனா என்றால் எந்த எண்ணில் நிறுத்த வேண்டும், சிரிஞ்சு என்றால் எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்பதையும் சேர்த்து ஒரே தாளில் எழுதி வாங்கி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கிறோம். பிராண்டு மாறினாலோ, பேனா 5 மி.கி.யிலிருந்து 10 மி.கி.க்கு மாறினாலோ, எடை கூடி அளவு மாறினாலோ பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிய தாள். பழைய தாள் அங்கேயே கிடந்தால் என்றாவது ஒரு நாள் பாட்டியோ சித்தியோ அதைப் பார்த்துப் போட்டுவிடுவார்கள்.

வாங்குவதும் வீட்டுக்குக் கொண்டுவருவதும்

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து இது. பில் கட்டாயம் வாங்குங்கள், அதில் பேட்ச் எண் இருக்கிறதா, பெட்டியில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். சீல் உடைந்த பெட்டி வேண்டாம். கடைக்காரர் எந்த இடத்திலிருந்து எடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் சரி. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று பெட்டியில் போட்டிருந்தும் அலமாரியிலிருந்து எடுத்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கொண்டுவருவதற்குச் சின்ன ஐஸ் பெட்டியோ வாய் அகன்ற பிளாஸ்க்கோ போதும். ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி வையுங்கள், மருந்துப் பெட்டியில் அது நேராகப் படக்கூடாது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தடவை கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்தால் உறைந்த ஐஸ் பேக்குக்கு நடுவில் பேனா சொருகியிருந்தது, பேனாவின் கண்ணாடி ஜன்னலுக்குள் மெல்லிய ஊசி ஊசியாகப் பனி. அது உருகினபின் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் இந்த ஹார்மோன் ஒரு புரதம், ஒரு தடவை உறைந்தால் அதன் வடிவம் குலைந்து கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடலாம். பெட்டியிலேயே உறையக்கூடாது என்று போட்டிருக்கும். போராடித் திருப்பிக் கொடுத்துப் புதியது வாங்கினோம். கூரியர் வந்ததும் டெலிவரி ஆள் நிற்கும்போதே பிரித்து, அப்படியே ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

ஃபிரிட்ஜ்

பெரும்பாலான பிராண்டுகளில் திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், வெளிச்சம் படாமல் அதன் அட்டைப் பெட்டிக்குள்ளேயே. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் என்றால் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் சில்லர் தட்டில் வைக்காதீர்கள், அங்கே பால் பாக்கெட்டே சில நாள் உறைந்துபோகும். பின்சுவரில் ஒட்டியும் வேண்டாம். கதவில் வைத்தால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடு ஏறி இறங்கும். நடுத்தட்டின் முன்பக்கம் ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பதுதான் சரி. அதன் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். நான் வைத்த முதல் நாளே பார்த்தால் 1 டிகிரி காட்டியது, குமிழைத் திருப்பித் திருப்பி 4-5 டிகிரியில் நிறுத்த இரண்டு நாள் ஆனது. அதுவரை அந்த ஃபிரிட்ஜ் சரியாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திறந்த மருந்து எத்தனை நாள் தாங்கும் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். நார்டிட்ரோபின் பேனா திறந்தபின் ஃபிரிட்ஜில் 4 வாரம், இல்லை 25 டிகிரிக்கு மிகாமல் வெளியில் 3 வாரம் என்று இருக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத எந்த அறையும் 25 டிகிரியில் இருக்காது, அதனால் அந்த இரண்டாவது கணக்கை மறந்துவிட்டு எப்போதும் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளில் உங்கள் பிராண்டுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, திறந்த தேதியையும் தூக்கிப்போட வேண்டிய தேதியையும் மார்க்கரால் பேனாவின் மேலேயே எழுதிவிடுங்கள். மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிப்போகும்.

கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியிருந்தால் சில மணி நேரம் குளிர் நிற்கும், தெர்மாமீட்டர் 8-ஐத் தாண்டும் நிலை வந்தால் ஐஸ் பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒருவேளை தாண்டிவிட்டது என்றால் எவ்வளவு நேரம், எத்தனை டிகிரி என்று குறித்துக்கொண்டு டாக்டரிடமோ மருந்துக் கம்பெனியின் உதவி எண்ணிலோ கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

தூளாக வரும் மருந்தைக் கலக்குவது

திரவமாகவே வரும் பேனா என்றால் இந்த வேலை இல்லை. ஜெனோட்ரோபின் மாதிரி இரண்டு அறை உள்ள கார்ட்ரிட்ஜில் (பேனாவுக்குள் போடும் மருந்துக் குழல்) பேனாவைத் திருகும்போதே தூளும் நீரும் கலந்துவிடும், அப்போது பேனாவை நிமிர்த்திப் பிடித்து மெதுவாகத் திருக வேண்டும், அவ்வளவுதான்.

தனிக் குப்பியில் தூள் என்றால் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள், பெட்டியோடு வந்த நீரை மட்டும் குறிப்பிட்ட அளவு எடுத்துக் குப்பியின் உள்சுவரோடு வழியவிடுங்கள். தூளின் மேல் பீய்ச்சி அடிக்கக்கூடாது. குலுக்கவே கூடாது. குலுக்கினால் நுரை வரும், புரதம் கெடும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். தண்ணீர் போலத் தெளிவாக ஆக வேண்டும். கலங்கலாகவோ துகள் மிதந்தோ இருந்தால் போட வேண்டாம். வேறு பிராண்டின் நீர், வீட்டில் இருக்கும் வேறு ஊசிக்கான நீர் எதையும் ஊற்றாதீர்கள், சில நீரில் கிருமி வராமல் தடுக்கும் பொருள் இருக்கும், சிலதில் இருக்காது, எத்தனை நாள் வைக்கலாம் என்பதே அதைப் பொறுத்துத்தான்.

சிரிஞ்சில் போடுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. இன்சுலின் சிரிஞ்சில் போட்டிருக்கும் யூனிட் இன்சுலினுக்கான யூனிட், வளர்ச்சி ஹார்மோனுக்கானது இல்லை. அதிலும் நம் ஊரில் இரண்டு வகை விற்கிறது: சிவப்பு மூடி போட்ட 40 வகையில் 40 கோடு சேர்ந்தால் 1 மி.லி., ஆரஞ்சு மூடி போட்ட 100 வகையில் 100 கோடு சேர்ந்தால் 1 மி.லி. நம் 1.8 ஐ.யூ. குழந்தையையே எடுத்துக்கொள்வோம். 4 ஐ.யூ. மருந்தை 1 மி.லி. நீரில் கலந்தால் அவளுக்கு வேண்டியது 0.45 மி.லி. ஆரஞ்சு மூடியில் அது 45-வது கோடு, சிவப்பு மூடியில் 18-வது கோடு. ஆரஞ்சுக்குப் பழகிய கண் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் கிட்டத்தட்ட முழுவதும் இழுத்துவிட்டால் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் எந்த நிற மூடி, எந்தக் கோடு என்பதையும் அந்த ஃபிரிட்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள், கடையில் அதே நிறத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

ஊசி போடும் நேரம்

ராத்திரி படுக்கும் முன் போடச் சொல்வார்கள். இந்த ஹார்மோன் இயல்பாகவே ஆழ்ந்த தூக்கத்தில் அதிகம் சுரக்கும், அதை ஒட்டியே இந்த நேரம். எங்கள் வீட்டில் எட்டரை மணி. சாப்பாடு முடிந்ததும் பேனாவை எடுத்து வெளியே வைத்துவிடுவேன். கால் மணி நேரம் ஆனால் குளிர் கொஞ்சம் விட்டுவிடும், குளிர்ந்த மருந்து அதிகமாக எரியும். சீக்கிரம் சூடாகட்டும் என்று வெந்நீரில் வைப்பதோ அடுப்புப் பக்கம் வைப்பதோ கூடாது.

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். தொடையின் முன்-வெளிப்பக்கம், புட்டத்தின் மேல் வெளிப்பகுதி, தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி வயிறு, மேல் கையின் பின்பக்கச் சதை. நாங்கள் திங்கள் வலது தொடை, செவ்வாய் இடது தொடை, புதன் வலது புட்டம், வியாழன் இடது புட்டம் என்று ஒரு சுற்று வைத்திருக்கிறோம். அடுத்த சுற்றில் அதே தொடை வந்தாலும் போன தடவை போட்ட புள்ளியிலிருந்து இரண்டு விரல் தள்ளி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே கொழுப்பு கரைந்து குழி விழும், இல்லை கட்டி தட்டும், அங்கே போடுகிற மருந்தும் சரியாக உறிஞ்சாது. பிள்ளைக்கு வலிக்காத இடம் என்று ஒன்று இருக்கும், அதையே கேட்பாள், அப்போதுதான் இந்தத் தப்பு நடக்கும்.

இனி போடுவது. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பேனாவின் பெயர், தேதி, மருந்தின் தெளிவு மூன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். புதிய ஊசிமுனை ஒன்றைத் திருகுங்கள், ஒவ்வொரு நாளும் புதியதுதான், ஒரு தடவை குத்தியதுமே முனை மழுங்கிவிடும். புதிய பேனா என்றால் பெட்டிக்குள் வந்த தாளில் சொன்ன குறைந்த அளவைத் திருப்பி, ஊசி மேலே நிற்கப் பிடித்து, விரலால் தட்டிக் காற்றுக் குமிழை மேலே ஏற்றி, நுனியில் ஒரு சொட்டு முத்து மாதிரி நிற்கும்வரை அழுத்துங்கள். சொட்டு வரவில்லை என்றால் திரும்பவும். அந்தச் சொட்டைப் பார்க்காமல் போட்டால் முதல் நாள் மருந்துக்குப் பதில் காற்றுதான் போகும்.

அப்புறம் அளவைத் திருப்புங்கள். நான் திருப்பிவிட்டு எண்ணை வாய்விட்டுச் சொல்வேன், என் கணவரோ மகளோ ஜன்னலில் பார்த்து "சரி" என்பார்கள். வீட்டில் நீங்கள் மட்டும்தான் என்றால் ஃபிரிட்ஜ் தாளைப் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்து முழுதும் காயவிடுங்கள், ஈரத்தோடு குத்தினால் சுள்ளென்று எரியும், குழந்தை ஊசிதான் எரிகிறது என்று நினைத்துக்கொள்ளும். 4-5 மி.மீ. ஊசிமுனை என்றால் பெரும்பாலும் நேராகக் குத்தினால் போதும். மெலிந்த குழந்தைக்கோ 8 மி.மீ. முனைக்கோ சதையைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரலால் லேசாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும், கொழுப்புக்குள் போக வேண்டிய மருந்து தசைக்குள் போய்விடக்கூடாது. எப்படி என்று நர்ஸ் உங்கள் பிள்ளையின் தொடையிலேயே ஒரு தடவை காட்டட்டும், பிறகு அவர் எதிரில் நீங்கள் போடுங்கள். வேகமாகக் குத்தி, பட்டனைக் கடைசிவரை அழுத்தி, ஜன்னலில் பூஜ்யம் வந்ததும் அப்படியே பத்து வரை நிதானமாக எண்ணுங்கள். சீக்கிரம் எடுத்தால் நுனியில் மருந்து சொட்டும், அது உள்ளே போக வேண்டிய மருந்து. எடுத்தபின் காய்ந்த பஞ்சால் லேசாக அழுத்தினால் போதும், தேய்க்க வேண்டாம். ஒரு சொட்டு ரத்தமோ சின்னக் கன்றலோ வந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஊசிமுனையைக் கழற்றிவிட்டுத்தான் பேனாவை உள்ளே வைக்க வேண்டும். முனையோடு வைத்தால் மருந்து கசியும், காற்று உள்ளே போகும், கிருமியும். ஒரு பேனாவை ஒருவருக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் ஊசி இருந்தாலும், முனையை மாற்றினாலும்கூட.

குழந்தை அழுதால்

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். கொஞ்சம் குத்தும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று உண்மையைச் சொன்னால் அடுத்த நாளும் நம்பிக் காலை நீட்டும். தூங்கும்போது சத்தமில்லாமல் போட்டுவிடலாம் என்று ஒரு வாரம் நானும் செய்தேன், அதன்பின் அவள் தூங்கவே பயப்பட ஆரம்பித்துவிட்டாள். இப்போது இடத்தை அவள் தேர்ந்தெடுப்பாள் (சுற்றுக்குள்ளே), பத்து எண்ணுவதும் அவள்தான். அதிகம் பயப்படும் குழந்தைக்கு இடத்தில் துணி சுற்றிய ஐஸ் கட்டியை அரை நிமிடம் வைத்து எடுக்கலாம். படிக்கவில்லை என்றால் ஊசி என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

பெரியவர்களையும் சமாளிக்க வேண்டியிருக்கும். என் மாமியார் முதல் மாதம் ஒவ்வொரு ராத்திரியும் கண் கலங்கி, "ஏம்மா, தெனமும் புள்ளயக் குத்தணுமா? அவங்க தாத்தாவும் குட்டதானே?" என்பார். "தாத்தா குட்டையா இருந்தாலும் வருஷா வருஷம் ஒழுங்கா வளந்திருப்பார் அத்தை, இவளுக்கு அந்த வேகமே கொறஞ்சுடுச்சு" என்று வரைபடத்தைக் காட்டி விளக்கினேன். இந்த மருந்து எதிலிருந்து எடுக்கிறார்கள் என்றும் கேட்டார், அது நல்ல கேள்வி. 1985 வரை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்துதான் எடுத்தார்கள், அந்த மருந்தைப் போட்டுக்கொண்ட சிலருக்குப் பல வருடம் கழித்து மூளையை அழிக்கும் க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் வந்ததும் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். அதே வருடம் மரபணு முறையில் தயாரித்த மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. இன்று நாம் வாங்குவதெல்லாம் இந்த இரண்டாவது வகை, மனித உடலிலிருந்து எதுவும் எடுப்பதில்லை.

மறந்துவிட்டால், காய்ச்சல் வந்தால்

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் வழக்கமான அளவு மட்டும். இரண்டு நாளுக்கும் சேர்த்துப் போடவே கூடாது. ஒரு காலண்டரில் போட்டதும் டிக் அடியுங்கள், "போட்டோமா இல்லையா" என்ற சந்தேகத்தில் இரண்டாவது தடவை போடுவதும் நடக்கிறது. சந்தேகம் வந்தால் அன்று விட்டுவிடுங்கள். ஆனால் ஹார்மோன் குறைவால் சர்க்கரை தாழ்ந்துபோகும் கைக்குழந்தைகளுக்கு ஒரு நாள் தவறுவதே ஆபத்தாகலாம், அவர்கள் விஷயத்தில் என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

சாதாரணச் சளி காய்ச்சலுக்குப் பொதுவாகத் தொடரச் சொல்வார்கள். ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவு கடுமையான நோய் என்றால் ஊசி போடுவதை அங்கே இருக்கும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். பிட்யூட்டரியில் வேறு ஹார்மோனும் குறைந்து ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையும் சாப்பிடும் குழந்தைகளுக்குக் காய்ச்சல், வாந்தியின்போது அந்த மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி. அதைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பணம் தட்டுப்பாடு வந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா, அளவைக் குறைத்துப் பேனாவை நீட்டலாமா என்று தோன்றும், எடை கூடக்கூடச் செலவும் கூடுகிற மருந்து இது. எனக்கும் தோன்றியிருக்கிறது. டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், விலை குறைந்த பிராண்டுக்கு மாற்றித் தர அவரால் முடியலாம். நீங்களாகக் குறைத்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் தப்பான முடிவுக்கு வருவார்.

உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டியவை

விடாத தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், இரண்டாகத் தெரிவது என்றால் தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம், அடுத்த ஊசியைப் போடாமல் அன்றே காட்டுங்கள். இடுப்பிலோ முழங்காலிலோ வலி, நொண்டி நடப்பது என்றால் "ஓடி விளையாடினதுல வந்திருக்கும்" என்று எண்ணெய் தேய்த்து விடாதீர்கள். வேகமாக வளரும்போது தொடை எலும்பின் தலை இடுப்பு மூட்டில் நழுவக்கூடும், எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். அந்த வலி முழங்காலில் மட்டும் தெரிவதும் உண்டு. அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரை பார்க்க வேண்டும். கடுமையான வயிற்று வலி, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல் என்றால் நேராக அவசர சிகிச்சைக்கு. பிராடர்-வில்லி குழந்தைகளுக்குக் குறட்டை புதிதாக வந்தாலோ கூடினாலோ உடனே சொல்ல வேண்டும், தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஆபத்து அவர்களுக்கு அதிகம். முதுகு ஒரு பக்கம் வளைகிறதா என்று மாதம் ஒரு தடவை குளிக்கும்போது பாருங்கள்.

பழைய ஊசிமுனைகள்

மூடி இறுகின தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று வையுங்கள், நான் காலி சலவைத் திரவ டப்பாவை வைத்திருக்கிறேன், முக்கால் நிறைந்ததும் மூடி டேப் ஒட்டிவிடுவேன். குப்பைக் கவரில் போட்டால் மறுநாள் காலை தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். வீட்டு ஊசிகள் மற்ற குப்பையோடு சேராமல் தனியே பிரிக்க வேண்டியவை. எங்கள் டப்பாவை ஒவ்வொரு செக்கப்புக்கும் போகும்போது ஆஸ்பத்திரியில் கேட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

ஊருக்குப் போகும்போது

போகும் நாளுக்கும் இரண்டு நாள் கூடுதலாகவும் ஊசிமுனை, ஐஸ் பெட்டி, டாக்டர் சீட்டின் நகல். காரில் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். விமானம் என்றால் கைப்பையில்தான், சரக்குப் பெட்டியில் உறைந்துபோகலாம், டாக்டர் கடிதம் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் காட்டலாம். தங்கும் இடத்து ஃபிரிட்ஜை நம்பும் முன் உங்கள் தெர்மாமீட்டரை அரை மணி உள்ளே வைத்துப் பாருங்கள். பிள்ளை போட்டிகளில் விளையாடினால் பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இந்த ஹார்மோன் உண்டு, மருத்துவ விலக்குக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

செக்கப், அப்புறம் நிறுத்துவது

மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உயரம், எடை, ஐஜிஎஃப்-1, தைராய்டு, சர்க்கரை பார்ப்பார்கள். தைராய்டை விட்டுவிடாதீர்கள், இந்த ஊசி ஆரம்பித்தபின் மறைந்திருந்த தைராய்டு குறைவு வெளியே வருவதுண்டு, அது இருந்தால் ஊசி போட்டும் வளர்ச்சி வராது. வருடம் ஒரு முறை எலும்பு வயது எக்ஸ்ரே. வீட்டில் உயரம் அளப்பது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும், காலையில், செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்ட, தலைமேல் தட்டையான புத்தகம் வைத்து. வாரா வாரம் அளந்தால் பிள்ளையும் நீங்களும் சேர்ந்து கவலைப்படுவீர்கள். ஊசிக்கு முந்தின வருடம் என் மகள் வளர்ந்தது மூன்றரை சென்டிமீட்டர். முதல் வருட முடிவில் சுவரில் கோடு போட்டுப் பார்த்தபோது ஒன்பதரை. பள்ளிச் சீருடைப் பாவாடையின் விளிம்பை நான் இரண்டு தடவை பிரித்து இறக்கியிருந்தேன், அப்போதே தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் வருடத்திலிருந்து வேகம் கொஞ்சம் குறையும், அது இயல்பு.

வருடத்துக்கு சுமார் 2 சென்டிமீட்டருக்குக் கீழே வளர்ச்சி இறங்கி, எக்ஸ்ரேயில் வளர்ச்சித் தட்டு மூடும் நிலைக்கு வந்தால் டாக்டர் நிறுத்தச் சொல்வார். அதை நாமாக முடிவு செய்யக்கூடாது, அவர் சொன்னபின் இன்னும் ஒரு வருடம் போட்டுப் பார்க்கலாமே என்று கெஞ்சவும் வேண்டாம். ஹார்மோன் குறைபாட்டுக்காகப் போட்டவர்களுக்கு ஒரு மாதமாவது ஊசியை நிறுத்திவைத்துத் திரும்பவும் பரிசோதிப்பார்கள். சிலருக்குப் பெரியவர்களுக்கான சின்ன அளவு தொடர வேண்டியிருக்கும், எலும்பின் உறுதிக்கும் தசைக்கும் கொழுப்பின் அளவுக்கும் அந்த ஹார்மோன் அப்போதும் வேண்டும். சிலருக்கு அந்தப் பரிசோதனையில் சரியாகச் சுரப்பதாகவே வரும். இரண்டில் எது என்று பார்க்க முதல் தூண்டல் பரிசோதனையின் அறிக்கை, எம்ஆர்ஐ படம், இத்தனை வருட அளவுத் தாள்கள் எல்லாம் கேட்பார்கள், அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வைத்துவிடுங்கள்.